தொழில்: இல்லை

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பெண்களின் முன்னேற்றம்" பற்றி இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் அக்கா கேட்டிருந்தார். நூற்றாண்டு விழாவில் அந்தத் தலைப்பில் பேசுவது கடினமான காரியம் அல்ல. இந்தப் பள்ளியில் படித்து ஆசிரியராக, தாதியாக, சட்டத்தரணியாக, அரச உத்தியோகத்தராக வந்தவர்களின் பெயர்களை வாசித்தாலே இருபது நிமிடம் போதாது. ஆனால் அந்தப் பட்டியல் இந்த மலரின் பின்பக்கங்களில் எப்படியும் வரப்போகிறது. ஆகவே நான் அதில் இல்லாதவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "சரி, ஆனால் சண்டை பிடிக்காமல் பேசுங்கோ" என்றார். முயற்சி செய்கிறேன்.

என் அம்மம்மா பேசாலையில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம் போய்ச் சேலை வாங்கி வந்தவர். ஆனால் மன்னார் பட்டினத்தில் தனியாகப் போய் ஒரு கடிதம்கூடத் தபாலில் போட்டதில்லை. என் அம்மா இந்தப் பள்ளிக்கு வந்து எஸ்.எஸ்.சி. வரை படித்தார். நான் அதே வகுப்பறைகளில் படித்து மருத்துவ பீடத்துக்குப் போனேன். மூன்று தலைமுறை, மூன்று படி. சிறு வயதில் எனக்கு இது இயற்கையின் விதி போலவே தோன்றியது. மழை பெய்தால் கட்டுக்கரைக்குளம் நிரம்புவது போல, ஆண்டுகள் போகப்போகப் பெண்களும் மேலே போவார்கள் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணமும் இருந்தது. 1931இல் இலங்கைப் பெண்களுக்கு ஆண்களோடு ஒன்றாகவே வாக்குரிமை கிடைத்தது. (அந்த ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் பகிஷ்கரித்தன. மன்னார்ப் பக்கம் அதில் சேரவில்லை என்று நாங்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் இந்த நாட்டில் வந்தார். போர்க்காலத்திலும் பள்ளி மூடிக்கிடந்த நாட்களைவிடத் திறந்திருந்த நாட்களே கூட. மின்சாரம் இல்லாத வருடங்களில் குப்பி விளக்கில் உயர்தரம் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது என் வகுப்பில் இருந்த எருக்கலம்பிட்டி, தாராபுரம் பிள்ளைகளின் வாங்கில்கள் ஒரு வாரத்துக்குள் வெறுமையாயின. புத்தளத்து முகாம்களில் அவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து படித்தார்கள் என்று நாங்கள் யாரும் தேடிப் பார்க்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் அதையும் எழுதத்தான் வேண்டும்.

இப்போது என் கிளினிக்குக்கு வருகிறேன். கர்ப்பிணித் தாய்மாரின் பதிவட்டையை நீங்கள் பலரும் கையில் வைத்திருந்திருப்பீர்கள். வயது, இரத்த வகை, முந்தைய பிரசவங்கள், இவற்றோடு "தொழில்" என்று ஒரு கட்டமும் உண்டு. பெரும்பாலும் எங்கள் குடும்பநல உத்தியோகத்தர் முதல் சந்திப்பிலேயே அதை நிரப்பிவிடுவார். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் ஒரு அட்டை என் மேசைக்கு வந்தது. தொழில்: இல்லை. பெயரைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஐந்தாறு வகுப்பு கீழே படித்த பிள்ளை. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மாவட்டத்தில் முன்னணியில் வந்து, பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றவர். இந்த மேடையில் பரிசு வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

"என்ன தங்கச்சி, இப்ப என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் இல்லை அக்கா, சும்மா வீட்டிலதான்."

அன்று கிளினிக் முடிந்த பிறகு மற்ற அட்டைகளையும் புரட்டினேன். தொழில்: இல்லை. தொழில்: இல்லை. தொழில்: ஆசிரியை. தொழில்: இல்லை. அந்தக் கட்டத்தை நான் பத்து வருடமாகப் பார்த்திருக்கிறேன், வாசித்ததில்லை.

இனிக் கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பெண்கள். பொறியியல் பீடங்களில்தான் அது நான்கில் ஒன்றின் அளவில் நிற்கிறது. மற்றப்படி படிப்பில் நாங்கள் முன்னே. ஆனால் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டை எடுத்தால், 2023இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே நூற்றுக்கு 31 பேர்தான். ஆண்களில் அது எழுபதுக்குக் கிட்ட. முப்பது வருடங்களுக்கு முன்பும் பெண்களின் கணக்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 2017இல் 36 வரை ஏறி, பிறகு இறங்கிவிட்டது. வேலை தேடுபவர்களிலும் வேலை கிடைக்காத பெண்களின் விகிதம் ஆண்களினதைப் போல இரு மடங்கு.

உலகப் பொருளாதார மன்றம் 2006இல் ஆண் பெண் இடைவெளி பற்றிய தன் முதல் பட்டியலை வெளியிட்டபோது இலங்கை 13ஆம் இடத்தில் இருந்தது. 2024இல் 146 நாடுகளில் 122ஆம் இடம். படிப்பிலும் உடல்நலத்திலும் எங்கள் புள்ளிகள் இப்போதும் நல்லவைதான். எங்களைக் கீழே இழுப்பவை வேலையும் அரசியலும். மற்ற நாடுகள் நடந்துகொண்டிருக்க, நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். உலகமும் அப்படி ஓடிக்கொண்டிருக்கவில்லை. இப்போதைய வேகத்தில் போனால் முழுச் சமத்துவத்துக்கு இன்னும் 134 ஆண்டுகள் வேண்டும் என்று அதே 2024 அறிக்கை சொல்கிறது. எமது பள்ளியின் வயதைவிட முப்பத்து நான்கு ஆண்டு கூட.

அரசியலைப் பற்றி இரண்டு வரி. பாராளுமன்றத்தில் 2024 தேர்தலில்தான் பெண்களின் தொகை முதன்முதலாக இருபதைத் தாண்டியது. 225 பேரில் அது பத்தில் ஒன்றுகூட இல்லை. உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 பெண்கள் என்று சட்டம் போட்டதனால் 2018இல் பெண்கள் வந்தார்கள். அதற்கு முன் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். சட்டம் போட்ட இடத்தில் நகர்ந்தது, போடாத இடத்தில் நகரவில்லை. இதற்கு மேல் அதைப் பேச எனக்குத் தகுதி இல்லை.

படிப்பில் நாங்கள் முன்னே என்று சொன்னேன். அதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். எங்கள் கரையோரக் கிராமங்களில் உயர்தர வகுப்பில் பெண் பிள்ளைகள் கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம், ஆண் பிள்ளைகள் பதினாறு வயதில் கடலுக்குப் போய்விடுவது. நாங்கள் ஓட்டத்தில் வென்றோம் என்பதைவிட, பக்கத்தில் ஓடியவன் இடையில் இறங்கிவிட்டான் என்பதே சில ஊர்களில் உண்மை. அதைக் காட்டிப் பெண்கள் முன்னேறிவிட்டார்கள் என்று மேடையில் பேசும்போது எனக்கு நெருடுகிறது.

அப்படியானால் எந்த இடத்தில் நின்றுபோகிறது? 2023இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற குளோடியா கோல்டின் என்ற அமெரிக்கப் பேராசிரியை, அந்த நாட்டின் இருநூறு வருடக் கணக்கை ஆராய்ந்தவர். முன்பு சம்பள வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் படிப்பும் செய்யும் தொழிலும் வேறுபட்டிருந்தது. இன்று வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான், அதுவும் முதல் பிள்ளை பிறந்ததும் தொடங்குகிறது என்பது அவர் கண்டது. அதை வாசித்தபோது, இதை அறிய அமெரிக்கா போயிருக்கத் தேவையில்லையே, எங்கள் பிரசவ விடுதிக்கு வந்திருக்கலாமே என்று நினைத்தேன். பிரசவ விடுதியில் நாங்கள் பார்ப்பது பிள்ளை பிறப்பதை மட்டுமல்ல. ஒரு தொழில் முடிவதையும் பார்க்கிறோம். அதை யாரும் அட்டையில் பதிவதில்லை.

என் கதையையே சொல்கிறேன். என்னோடு ஒரே நாளில் நியமனம் பெற்ற ஆண் நண்பர் ஒருவர் இருக்கிறார். அரச சேவையில் எங்கள் இருவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான், ஒரு ரூபா வித்தியாசம் இல்லை. ஆனால் மேலதிக நேரக் கடமை அவருக்குக் கூட, பின்னேரத்தில் தனியார் சனலிங் அவருக்கு உண்டு, எனக்கு இல்லை. என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. பின்னேரம் ஐந்து மணிக்கு அவர் நோயாளி பார்க்கும் நேரத்தில் நான் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். அவருக்கும் பிள்ளைகள் உண்டு; அவர் வீட்டிலும் ஒரு பெண் சோறு தீத்திக்கொண்டிருந்தார். அவரும் பட்டதாரிதான். சத்திரசிகிச்சை படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நேர்முகம் ஒன்றில் முதல் கேள்வியே "கலியாணம் முடிச்சாச்சோ, பிள்ளை வைக்கிற யோசினை இருக்கோ?" என்பது. கேட்டவரும் ஒரு பெண்தான். அவர் கெட்டவர் அல்ல, அவரிடமும் யாரோ அப்படிக் கேட்டிருப்பார்கள். நான் வேறு துறைக்குப் போனேன். இந்தத் துறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கேள்வி என் நண்பரிடம் கேட்கப்படவில்லை.

அரச உத்தியோகத்தில் இருப்பவர்களுக்காவது 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடன் பிரசவ விடுமுறை உண்டு. பிறகு அரைச் சம்பளத்துடன் 84, சம்பளமில்லாமல் 84 எடுக்கலாம். தகப்பனுக்கு மூன்று நாள். இந்த மூன்று நாளை நான் பிரசவ விடுதியில் சொல்லும்போது தகப்பன்மார் சிரிப்பார்கள். தனியார் துறையில் பிரசவ விடுமுறைச் சம்பளத்தை முழுவதும் முதலாளியே கொடுக்க வேண்டும். அதனால் புதிதாகக் கலியாணம் முடித்த பெண்ணை வேலைக்கு எடுக்க அவர் தயங்குகிறார். பெண்களைக் காக்கும் சட்டமே கதவைச் சாத்தவும் உதவுகிறது. அந்தச் செலவை அரசாங்கமோ ஒரு பொது நிதியோ பங்கிட்டுக்கொள்ளும் நாடுகள் இருக்கின்றன. எங்கள் நாட்டில் அது பேச்சளவில் நிற்கிறது.

உத்தியோகம் பார்ப்பவர்களைப் பற்றி மட்டும் பேசினால் அது மன்னார்ப் பேச்சு ஆகாது. விடியற்காலை பேசாலைக் கரையில் நின்று பாருங்கள். படகு வந்ததும் வலையிலிருந்து நண்டு கழற்றுவது யார்? மீனைத் தரம் பிரித்து, வெட்டி, உப்பிட்டு, கருவாட்டு வாடியில் காயப்போட்டு, மழை இருட்டினால் ஓடிப்போய் மூடுவது யார்? என் கிளினிக்குக்கு வருபவர்களின் கைகளில் நண்டு கீறிய தழும்புகளும் உப்புப் பட்டுப் புண்ணான விரலிடுக்குகளும் இருக்கின்றன. அவர்களின் அட்டையிலும் "தொழில்: இல்லை" என்றுதான் எழுதியிருக்கிறது.

அளவீட்டு விதிப்படி பார்த்தால் இது பிழை. ஒரு வாரத்தில் ஒரு மணி நேரமாவது சம்பளத்துக்கோ, இலாபத்துக்கோ, சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலுக்கோ வேலை செய்தவர் தொழில் உள்ளவர்தான். கணவரின் வலையில் நண்டு கழற்றும் பெண் அந்தக் கணக்கில் வரவேண்டும். ஆனால் கேள்வி கேட்பவர் "வேலை செய்யிறீங்களா?" என்கிறார், அவர் "இல்லை" என்கிறார். கேட்டவரும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார். ஆகவே நான் சொன்ன நூற்றுக்கு 31 என்ற எண்ணில் எங்கள் கரைப் பெண்கள் எத்தனை பேர் விடுபட்டுப் போனார்களோ.

இது வெறும் எழுத்துப் பிரச்சினை அல்ல. 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். படகுக்காரனின் இழப்பைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். அந்தப் படகை நம்பிக் கருவாடு போட்ட பெண்களின் இழப்பை யாரும் பேசவில்லை. தொழில் இல்லாதவருக்கு இழப்பு எப்படி வரும்? அந்த மாதங்களில்தான் என் கிளினிக்கில் இரத்தச்சோகை கூடியதைக் கண்டேன். இருக்கிற சோற்றைக் கணவருக்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டு, கர்ப்பிணியானவர் "எனக்குப் பசியில்லை டொக்ரர்" என்றார்.

கூலியும் அப்படித்தான். மலையகத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்று 1984இல் ஆக்கினார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1993இல் சேர்ந்தது. ஆனால் நெல் வயலில் ஆண் கூலி, பெண் கூலி என்று இன்றும் இரண்டு விலை. மத்திய வங்கியே அவற்றைத் தனித்தனியாகத்தான் கணக்கெடுக்கிறது. நானாட்டான் பக்கம் ஒரு வயற்காரரிடம் ஏன் என்று கேட்டேன். "பொம்பிளையளுக்கு லேசான வேலைதானே" என்றார். நாள் முழுதும் குனிந்து நின்று களை பிடுங்குபவரின் முதுகு எக்ஸ்ரேயை அவருக்குக் காட்ட வேண்டும்.

இன்னொன்று, காணி. தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண் கலியாணம் முடித்துவிட்டால், தன் பெயரில் உள்ள காணியை, அது சீதனக் காணியாக இருந்தாலும், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அது. அதாவது எமது பள்ளியைவிட மூத்தது. கணவர் காணாமற்போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு வாங்க வேண்டும். போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இது எத்தனை பெண்களுக்கு நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒரு கருவாட்டு வாடி தொடங்க வங்கியில் கடன் கேட்டால் காணி உறுதி கேட்கிறார்கள். உறுதி அவர் பெயரில், கையொப்பம் இன்னொருவர் கையில். பிறகு அவர் வீட்டு வாசலுக்கு வரும் வாரவட்டிக் கம்பனியிடம் போகாமல் என்ன செய்வார்?

சண்டை பிடிக்க மாட்டேன் என்று அக்காவுக்குச் சொன்னேன், ஆகவே இப்போது என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் இரவுக் கடமைக்குப் போன ஆறு வருடமும் என் மகனைப் பார்த்துக்கொண்டவர் இந்தப் பள்ளியின் பழைய மாணவி. என்னைவிட மூன்று வயது மூத்தவர், சாதாரணதரத்தோடு நின்றவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் சேமலாப நிதி கட்டவில்லை. சம்பளச் சீட்டுக் கொடுக்கவில்லை. வருடத்தில் எத்தனை நாள் விடுமுறை என்று ஒருநாளும் உட்கார்ந்து பேசவில்லை. நல்ல நாளுக்குச் சேலை வாங்கிக் கொடுத்தேன். அது போதும் என்று நினைத்தேன். அவர் என் வீட்டில் நின்ற இரவுகளில் அவருடைய மகள் பக்கத்து வீட்டில் படுத்தாள். இன்று இந்தச் சங்கத்தின் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, அவர் பெயர் இல்லை. சந்தா கட்டாதவர் என்பது காரணம். அவரை இன்றைய நிகழ்வுக்கு அழைத்தேன். "அங்க பெரிய ஆக்களெல்லாம் வருவினம்" என்று சொல்லி வரவில்லை.

இனி நான் கேட்க வந்த விஷயம். நூற்றாண்டு நிதியில் ஒரு அலங்கார வளைவு கட்டுவது என்று செயற்குழு யோசித்திருப்பதாக அறிகிறேன். அழகாக இருக்கும், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தப் பணத்தில் பட்டினத்துக்குள், ஆஸ்பத்திரிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்து போகிற தூரத்தில், ஒரு பகல்நேரப் பிள்ளை பராமரிப்பு நிலையம் தொடங்க முடியுமா என்று பாருங்கள். காலை ஐந்தரைக்குத் திறக்க வேண்டும், ஏனென்றால் கரையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. இரவு எட்டு மணிவரையாவது இருக்க வேண்டும், ஏனென்றால் தாதியர் கடமை முடிந்து வரும் நேரம் அது. அங்கே வேலை செய்பவர்களுக்கு நியமனக் கடிதமும் சேமலாப நிதியும் கொடுக்க வேண்டும். சந்தா கட்டியவரா, கட்டாதவரா என்று பார்க்கக் கூடாது. ஒரு நிலையத்தால் நூற்றுக்கு 31 என்பது 32 ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். ஆனால் என் மேசைக்கு வந்த அந்தக் கணிதப் பட்டதாரி கேட்டது வேலை அல்ல. வேலை அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது. பிள்ளையை விட இடம் இல்லாததால் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

மாணவிகளுக்கு அறிவுரை சொல்லும்படியும் கேட்டார்கள். நன்றாகப் படியுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, நீங்கள் படிக்கிறீர்கள். வீட்டுக்குப் போய் உங்கள் அம்மா நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன செய்தார் என்று மணி போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மாதம் நான் சுகாதார வகுப்புக்கு வரும்போது அதை வைத்துப் பேசுவோம். அண்ணா, தம்பி இருந்தால் அவர்களுக்கும் ஒரு தாள் எழுதுங்கள்.

கிளினிக்கில் இப்போது நான் "என்ன தொழில்?" என்று கேட்பதில்லை. "நேற்று என்ன வேலை செய்தீங்கள்?" என்று கேட்கிறேன். பதில் நீளமாக வருவதால் வரிசையும் நீளுகிறது. குடும்பநல உத்தியோகத்தருக்கு என் மேல் கொஞ்சம் கோபம். அந்தக் கட்டத்துக்குள் எழுத்துக் கொள்ளாமல் ஓரத்தில் எழுதுகிறோம்.

நிலையத்துக்கு இடம் பார்க்கச் செயற்குழு எப்போது போனாலும் நான் கூட வருகிறேன். புதன்கிழமை மட்டும் கிளினிக். மற்ற எந்த நாளிலும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள்.